கடைசி வரியை மட்டும் தொடவும்

சென்ற கார்த்திகை மாதம் எங்கள் வீட்டில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. சொத்து, ஹால் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரின் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். பங்காளிகள் இருவர். எட்டு வருஷமாக முழுச் சொத்தையும் தனியாக அனுபவித்துவந்த விண்டோஸ் ஒருவர். எனக்கும் பங்கு உண்டு என்று பென்டிரைவில் ஏறி வந்த லினக்ஸ் இன்னொருவர். பத்திரம் எழுதியது, எல்லைக்கல் நட்டது, சாட்சிக் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகம் ஒன்றில் ஃபைல் தள்ளிக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவனுக்கு ஒரு டிஸ்க்கைப் பிரிக்கத் தெரியாதா என்ற தைரியம்.

தைரியத்தைக் கிளப்பிவிட்டது திரையில் வந்த ஓர் அறிவிப்பு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிகிறது என்றது. சரி, பதினொன்றுக்குப் போய்விடலாம் என்று பார்த்தால், அதற்கு டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டுமாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசசராவது இருக்க வேண்டுமாம். என் பெட்டி 2017-ல் வாங்கியது, ஏழாம் தலைமுறை. ஒரு மார்க்கில் ஃபெயிலான பையன் மாதிரி அது மூலையில் உட்கார்ந்திருந்தது.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் பெட்டியின் வயதைக் கேட்டதும், பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கும் உறவினரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “இதுக்கு மேல இதுல ஒண்ணும் ஏறாது சார். புதுசா எடுத்துருங்க. நாப்பத்தஞ்சாயிரத்துல நச்சுன்னு முடிச்சுத் தர்றேன்.”

நச்சென்று முடிக்க என் பென்ஷன் இடம் தரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அறிவித்தேன்: “பத்துப் பைசா செலவில்லாம நானே சரிபண்றேன் பாரு.”

“நீங்க செலவில்லாம சரிபண்ணின குழாய்க்குத்தான் போன மாசம் ரெண்டாயிரம் குடுத்தோம்” என்றாள் அவள், வெங்காயத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

லினக்ஸ் போடுவது என்று முடிவுசெய்வதற்கு ஐந்து நிமிஷம் ஆனது. எந்த லினக்ஸ் என்று முடிவுசெய்ய ஒரு மாதம் ஆனது. இதைப் புரிந்துகொள்ள நீங்கள் மதுரையில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். “என்ன இருக்கு?” என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் சப்ளையர் மூச்சுவிடாமல் ஆரம்பிப்பார்: இட்லி, தோசை, பொடி தோசை, முட்டை தோசை, கறி தோசை, ஊத்தப்பம், வெங்காய ஊத்தப்பம்... எல்லாவற்றுக்கும் மாவு ஒன்றுதான். லினக்சும் அப்படித்தான். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இருபத்தோராவது வயதில், 1991-ல், ஆட்டி வைத்த மாவு அது; கெர்னல் என்பார்கள். அந்த மாவை வார்க்கக் கல், கரண்டி, இட்லித் தட்டு எல்லாவற்றையும் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-லேயே குனு என்ற பெயரில் அறிவித்துச் செய்ய ஆரம்பித்திருந்தார். மாவும் பாத்திரமும் சேர்ந்த பிறகு ஊர் ஊருக்கு ஒரு கடை. நூற்றுக்கணக்கில் வகைகள். யார் வேண்டுமானாலும் மாவை எடுத்துப் போகலாம், வெந்தயம் கூட்டலாம், திரும்ப விநியோகம் செய்யலாம். ஒரே நிபந்தனை, மாவை மாற்றி ஊருக்குக் கொடுத்தால் பக்குவத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இதைத்தான் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள் என்று மனைவிக்கு விளக்கினேன்.

“கட்டு இல்லாததை எதுக்குங்க வீட்டுக்குள்ள அவுத்துவிடுறீங்க? அவனியாபுரம்னா வாடிவாசலாவது இருக்கு.”

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். பெயர், பூர்வீகம், ஆயுள், குணம் என்று நான்கு பத்திகள். டெபியன்: 1993-ல் இயான் மர்டாக் என்பவர் தொடங்கியது. தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். இதை வாசித்துக்காட்டியிருக்கக் கூடாது. “பாருங்க, மனுசன்! நீங்க இந்த வீட்டுக்குக்கூட உங்க அம்மா பேருதான வச்சீங்க” என்ற ஒரு வரியோடு அன்றைய ஆராய்ச்சி ஒத்திவைக்கப்பட்டது.

உபுண்டு: தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் 2002-ல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய்விட்டு வந்து, 2004-ல் வெளியிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சில வருஷம் வரை தபாலில் இலவசமாக சிடி அனுப்பினார்கள். என் அக்கா மகன் அப்படி வரவழைத்த சிடி ஒன்றை நான் காக்கா விரட்ட மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிட்டது நினைவுக்கு வந்தது. நோட்டில் அதை எழுதவில்லை.

ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன் சூசே என்று கட்டங்கள் நிரம்பின. நோட்டு முடிந்து இன்னொரு நோட்டு வாங்கினேன். பத்துப் பைசாச் செலவில்லாத திட்டத்தின் முதல் செலவு, இருபது ரூபாய்.

கடைசியில் முடிவுசெய்தது, மேற்படி சப்ளையரிடம் எல்லாரும் செய்வதைப்போலத்தான். முழுப் பட்டியலையும் ஒப்பிக்கவைத்துவிட்டு, “ரெண்டு இட்லி” என்போமே, அது. பக்கத்து வீட்டில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் தம்பி எதைப் போட்டிருக்கிறானோ அதையே போடுவது. அவன் போட்டிருந்தது லினக்ஸ் மின்ட்.

“மின்ட்னா?” என்றாள் மனைவி.

“புதினா.”

“அதுல என்ன வகை மாமா போடுறீங்க? சின்னமனா?” என்றான் தம்பி.

“அது என்ன?” என்றாள் மனைவி.

“பட்டை” என்றேன் நான்.

“புதினாவும் பட்டையும் வந்துருச்சு. கறி எடுக்க எப்பப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மின்ட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர் வைப்பார்கள். அப்போது வந்திருந்த 22.2-க்கு ஸாரா. “மாமா, ஸாரா ராத்திரிக்குள்ள இறங்கிரும்” என்று தம்பி வாசலிலிருந்து கத்தியது எதிர் வீடு வரை கேட்டது.

பாகப்பிரிவினைக்கு நல்ல நாள் பார்த்தேன். வியாழக்கிழமை, ராகுகாலம் மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று. ஆகவே காலை பத்து மணி. மகள் கல்யாணப் படங்கள் அத்தனையையும் முந்தின நாளே வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவைத்தோம். இதைச் செய்யச் சொன்னது தம்பி. அவன் சொல்லியிருக்காவிட்டால் நான் செய்திருக்கமாட்டேன் என்பது என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

பழைய முறையில், அதாவது எம்பிஆர் முறையில், ஒரு டிஸ்க்கில் நேரடி வாரிசு நான்கு பேருக்குமேல் கூடாது. ஐந்தாவது ஆள் வந்தால் ஒரு வாரிசின் பங்கை நீட்டி அதற்குள் தடுப்புச் சுவர் எழுப்பிக் குடிவைக்க வேண்டும். புதிய ஜிபிடி முறை தாராளம். 128 பங்குவரை விண்டோஸ் ஒத்துக்கொள்ளும். என் டிஸ்க் புது முறை. அதிலும் ஒரு சின்னத் துண்டு பொதுநடை. இஎஃப்ஐ என்று பெயர். எந்தப் பங்காளி எழுந்து வெளியே வருவதானாலும் அந்த நடை வழியாகத்தான் வர வேண்டும். “இந்தத் துண்டை மட்டும் அழிச்சிராதீங்க மாமா. அழிச்சா ரெண்டு பேரும் உள்ளேயே மாட்டிக்குவாங்க” என்றான் தம்பி. எங்கள் பூர்வீக வீடு திருமங்கலத்தில் இருக்கிறது. பொதுநடையில் என் சித்தப்பா ஆட்டுக்குட்டியைக் கட்டியதற்கு எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடந்தோம் என்பது எனக்குத் தெரியும். நான் அந்தத் துண்டின் பக்கம் மவுசைக்கூட கொண்டுபோகவில்லை.

பென்டிரைவிலிருந்து எழுப்புவதற்கு, பெட்டி விழிக்கும் அந்த ஒரு கணத்தில் எஃப்12-ஐ அமுக்க வேண்டும். சில பெட்டிகளுக்கு எஃப்2, சிலவற்றுக்கு எஸ்கேப். நான் எல்லாவற்றையும் அமுக்கினேன். ஆறாம் முறை, பெட்டியே அலுத்துப்போய் வழிவிட்டது. பச்சை நிறத்தில் மின்ட் வந்து நின்றது. இதில் ஒரு நாகரிகம் உண்டு: டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். ஒலி வருகிறதா, வைஃபை எடுக்கிறதா, பிரின்டர் பேசுகிறதா எல்லாம் பார்த்தோம். வந்தது, எடுத்தது, பேசியது. விண்டோஸில் நான் சிடி போட்டு அரை நாள் கெஞ்சிய அதே பிரின்டர்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. விண்டோஸின் பக்கத்திலேயே நிறுவவா, அல்லது டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு நிறுவவா? இரண்டு வரியும் ஒன்றின் கீழ் ஒன்று. நடுவில் ஒரு விரற்கடை. அந்த இடத்தில் மட்டும் தம்பி மவுசை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நானும் கொடுத்துவிட்டேன். விண்டோஸுக்கு 800 ஜிபி, லினக்சுக்கு மீதி என்று கோட்டை இழுத்துவிட்டோம். இருபது நிமிஷத்தில் பத்திரப்பதிவு முடிந்தது. கட்டணம் இல்லை.

பிரிவினைக்குப் பிறகுதான் பங்காளிகளின் குணம் தெரிந்தது. லினக்ஸ், விண்டோஸின் அறைக்குள் போய்ப் படத்தை எடுக்கும், பாட்டை எடுக்கும். விண்டோஸோ, பக்கத்து அறையில் ஆள் குடியிருப்பதையே ஒத்துக்கொள்ளாது. அதன் கணக்கில் அது பெயர் தெரியாத தரிசு. இன்னொரு குணமும் உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாகப் படுப்பதில்லை. சீக்கிரம் எழவேண்டும் என்று ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று அதற்குப் பெயர். கதவை வெளியே சாத்திவிட்டு உள்ளே கல்லாப்பெட்டியை எண்ணிக்கொண்டிருக்கும் கடைக்காரர் மாதிரி. அந்த நேரத்தில் லினக்ஸ் அந்த அறைக்குள் எதையும் எழுத மறுத்துவிடும். அதை அணைத்துவைத்தால்தான் இருவருக்கும் நிம்மதி.

முதல்முறை ரீஸ்டார்ட் செய்தபோது மெனுவே வரவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் நேராக விண்டோஸ் வந்து நின்றது. “லினக்ஸ் போச்சா?” என்று என் குரல் எனக்கே கேட்காமல் கேட்டேன். தம்பி எஃப்2-வில் நுழைந்து, யார் முதலில் எழுவது என்ற பட்டியலில் இரண்டாம் வரியை முதல் வரிக்கு ஏற்றினான். அவ்வளவுதான். அதன்பின் கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. முதல் வரி லினக்ஸ் மின்ட். கீழே இறங்கிப் போனால் விண்டோஸ். பத்து நொடிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் முதல் வரி தானாகக் கிளம்பிவிடும்.

அந்த வாரம் முழுக்க, தெருவில் யாரைப் பார்த்தாலும் அவர்களிடம், ஒரே பெட்டியில் இரண்டு பேர் குடியிருக்கும் இந்த டூயல் பூட் பற்றிப் பேசினேன். கீரைக்காரம்மாகூடத் தப்பவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் இருட்டோடு விழிப்பு வந்தது. எழுந்து பெட்டியைப் போட்டு, குடியிருப்போர் சங்கக் கணக்கு பார்க்க விண்டோஸுக்குள் போனேன். மூலையில் மணி சரியாகப் பன்னிரண்டு காட்டியது. நள்ளிரவு. வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. பதறிப்போய் வெளியே ஓடினேன்.

“ஏம்மா, நடுச்சாமத்துல என்ன வாசத்தெளிக்கிற? உடம்புக்கு என்ன?”

அவள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள். “மணி அஞ்சரைங்க.”

“கம்ப்யூட்டர்ல பன்னெண்டு.”

“கோயில்ல பாட்டுப் போட்டு அரை மணி ஆச்சு.”

“அவங்களுக்கும் டயம் தப்பிப்போச்சு போல” என்றேன். என் முப்பத்தேழு வருஷ மண வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ரத்த அழுத்த மாத்திரையை நான் போட்டேனா என்று அன்று மூன்று முறை கேட்டாள்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரின் பலகையில் சின்ன பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். முந்தின இரவு லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதிவிட்டுப் படுத்தது. காலையில் விண்டோஸ் அதையே மதுரை நேரம் என்று எடுத்துக்கொண்டது. நமக்குக் காலை ஐந்தரை என்றால் கிரீன்விச்சில் நள்ளிரவு பன்னிரண்டு. இரண்டு பேருமே யோக்கியர்கள்தான். ஒரே சுவர்க்கடிகாரத்தை ஆளுக்கு ஒரு கணக்கில் படிக்கிறார்கள். ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்து லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்குக் கொண்டுவந்தான் தம்பி.

யோசித்துப் பார்த்தால், டூயல் பூட் எங்கள் ஊருக்குப் புதிதே இல்லை. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தையும், தேனூரில் நடந்துவந்த அழகர் ஆற்றில் இறங்கும் விழாவையும் ஒரே சித்திரையில், ஒரே ஊரில் பூட்டினார் என்பார்கள். சைவம் ஒரு பங்கு, வைணவம் ஒரு பங்கு, வைகை பொதுநடை. அழகர் மலையிலிருந்து தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பி வருகிறார். வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார் என்பது ஊர் சொல்லும் கதை. இத்தனை வருஷம் நான் நின்று பார்த்தும் அவர் ஏன் பிந்தினார் என்று எனக்குப் புரிந்ததில்லை. இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்தியிருப்பாரோ என்று.

அழகராவது ஆண்டுக்கொரு முறை வந்து திரும்பிவிடுகிறார். எங்கள் வீட்டில் லினக்ஸ் ஒரேயடியாகத் தங்கிவிட்டது. நான் தங்கவைத்ததாக நினைக்க வேண்டாம். நான் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். பன்னிரண்டு வருஷத் தீர்மானங்களை யூனிகோட் இல்லாத ஒரு பழைய எழுத்துருவில் அடித்துவைத்திருக்கிறேன். லினக்ஸில் திறந்தால் அவை மந்திரவாதி எழுதிய தகடுபோல் தெரிகின்றன. அதற்கும் வழி இருக்கிறதாம், எனக்குத் தெரிந்தால்தானே. ஆகவே, தெருவெங்கும் லினக்ஸ் பிரசாரம் செய்த நான், தினமும் சத்தமில்லாமல் கீழே இறங்கி விண்டோஸுக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் ஹாலில் படபடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் மனைவி நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கீபோர்டைப் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். திரையில் பிசிறில்லாத தமிழ். கல்யாணத்துக்கு முன்னால் சிம்மக்கல்லில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் அவள். அந்தச் சர்டிபிகேட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியும். விரலில் இன்னும் இருப்பது தெரியாது. மின்ட்டில் தமிழ் விசைப்பலகைகளின் பட்டியலைத் தம்பி சேர்த்துக் கொடுத்திருக்கிறான். 1999 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 இருந்தது, ஆங்கில எழுத்தில் அடிப்பது இருந்தது, அதற்குக் கீழே ‘டைப்ரைட்டர்’ என்றும் ஒன்று இருந்தது. அவள் அதைத் தொட்டிருக்கிறாள். விண்டோஸிலும் இது முடியும்தான். எட்டு வருஷமாக அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். யாரும் என்று நான் சொல்வது ஒரே ஒரு ஆளை.

“என்னம்மா அடிக்கிற?”

“வத்தல் ஆர்டர் லிஸ்ட்டு. தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

பொங்கலுக்கு மகள் கோவையிலிருந்து வந்தாள். வந்ததும் என் டூயல் பூட் வரலாற்றை முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. நோட்டுகளைக் காட்டினேன். டெபியனிலிருந்து உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட் என்ற வம்சாவளிப் படத்தையும் விரித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு பையை இறக்கினாள். தூசி தட்டினாள். 2012-ல் அவள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த அரசின் விலையில்லா மடிக்கணினி. மூடியில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் படம். பேட்டரி செத்திருந்தது. வயரைச் சொருகிப் பட்டனை அமுக்கினாள்.

கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. மேலே பாஸ் லினக்ஸ். கடைசி வரியில் விண்டோஸ்.

“அப்பா, இது அப்பவே டூயல் பூட்டுதான்ப்பா.”

2011 அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆரம்ப வருஷங்களில் வந்த மடிக்கணினிகளில் இரண்டையும் போட்டே கொடுத்தார்கள். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. அதுவும் டெபியன் வம்சம். அதாவது நான் ஒரு மாதம், இரண்டு நோட்டு செலவழித்துத் தேடிப் பிடித்த மருமகளின் ஒன்றுவிட்ட அக்கா பதின்மூன்று வருஷமாக எங்கள் பரணில்தான் இருந்திருக்கிறாள்.

“அப்ப நீ ஏன் அதைத் தொடவே இல்ல?” என்றேன்.

மகள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கீபோர்டுக்குக் கீழே, செலோ டேப் மஞ்சளித்துப்போய், ஒரு துண்டுக் காகிதம். என் கையெழுத்து. ‘கடைசி வரியை மட்டும் தொடவும். வேறெதையும் தொடக் கூடாது. உத்தரவுப்படி.’

மறுக்க வழியில்லை. உத்தரவுப்படி என்பதற்குக் கீழே தேதியும் சுருக்கொப்பமும் வேறு போட்டிருந்தேன்.

அத்தோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற சமயம், துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியது. அந்தச் சுற்றறிக்கை என் மேஜைக்கும் வந்தது. நான் அதை முழுதாக வாசித்து, ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, கோப்பில் கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த பூட்டு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை சங்கத் தீர்மானம் ஒன்றைத் திருத்தப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். மானிட்டரின் கீழ் விளிம்பில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. பிரின்டரில் எடுத்தது, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ‘முதல் வரியை மட்டும் தொடவும். வேறெதையும் தொடக் கூடாது. உத்தரவுப்படி.’

அடுக்களைப் பக்கம் பார்த்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நொடி எண்ணி முடிவதற்குள் அம்புக்குறியை மூன்று தட்டுத் தட்டி விண்டோஸுக்குள் இறங்கிவிட்டேன். தீர்மானத்தில் தேதி போடும்போதுதான் கவனித்தேன், மூலையில் மணி சரியாக இருந்தது.